தூணுக்கு மேலே ஒருத்தி

இங்கே எழுதியிருப்பதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. இருந்தால் எழுதியவன் வாயில் மண் விழட்டும். அதுவும் சுரங்கத்து மண், எத்தனை கொப்பளித்தாலும் போகாதது.

அந்தச் சுரங்க ஊரின் கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைகிறவர்கள் முதலில் பார்ப்பது ஒரு மேட்டைத்தான். தோட்டம் முழுக்கத் தாழ்ந்து கிடக்க, வடக்கு மூலையில் ஒரே ஒரு கல்லறை மட்டும் ஆள் உயரத்துக்கு, மேசைமேல் எடுத்து வைத்த மாதிரி நிற்கிறது. 'பாம்புச்செவியின் மனைவி' என்று கல்லில் வெட்டியிருக்கிறது. வேறொன்றும் இல்லை.

பாம்புச்செவி என்பது ஊர் வைத்த பெயர். நிலக்கரிச் சுரங்கத்தில் கூரைக்கு மரமுட்டுக் கொடுப்பது அவர் வேலை. கூரையின் பாரம் ஏறினால் முட்டு முனகும். அது மற்றவர்கள் காதுக்கு எட்டும்போது ஓடுவதற்கு நேரம் இருக்காது. அவருக்கு முன்கூட்டியே கேட்டுவிடும். முட்டில் காதை வைத்து "பேசுது" என்பார். அவ்வளவுதான், ஆட்கள் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிடுவார்கள். வந்தபிறகு, அவர் பேச்சைக் காப்பாற்றுவதற்கென்றே கூரை விழும். மேலே குடியிருப்பிலும் அந்தக் காது சும்மா இருந்ததில்லை. பக்கத்து வீட்டில் பால் பொங்கும் முன்பே சுவரைத் தட்டி, "அக்கா, அடுப்பை அணைங்க" என்பார். மேஸ்திரி மனசுக்குள் திட்டினால்கூடத் திரும்பிப் பார்ப்பார். இதை மேஸ்திரியே ஒத்துக்கொண்டிருக்கிறார்.

அவருக்குக் கல்யாணமாகி வந்த பெண்ணை ஊர் 'புதுசு' என்று கூப்பிட்டது. "புதுசு தண்ணி பிடிக்க வந்திருக்கு." "புதுசு யார்கூடவும் பேசாது போல." அதற்கப்புறம் அந்த வரிசை வீடுகளுக்கு வேறொரு மருமகள் வந்திருந்தால் அந்தப் பெயர் கைமாறியிருக்கும். யாரும் வரவில்லை.

ஓர் அறை, ஒரு சமையல்கட்டு, வாசலில் தண்ணீர்த் தொட்டி. துவைத்துக் காயப்போட்ட துணியில் சாயங்காலத்துக்குள் கரித்தூள் படிந்துவிடும். அவள் மறுபடி துவைப்பாள். அதுவும் ஒரு துணையாகத்தான் இருந்தது.

"நீங்க போனப்புறம் இந்த வீட்ல நானும் கடிகாரமும்தாங்க," என்றாள் ஒருநாள். "அதாச்சும் வாயைத் திறந்து மணி சொல்லுது."

"பக்கத்து வீட்டு அக்காகிட்ட போய்ப் பேசேன்."

"என்ன சொன்னாலும் 'அப்படியா'ங்கறாங்க. அதுக்கு மேல நான் என்னத்தைப் பேச?" கொஞ்சநேரம் அவருடைய சட்டையை உதறிக்கொண்டிருந்தாள். "நீங்க வேலை பாக்குற இடம் நம்ம வீட்டுக்கு அடியில வருமா?"

வராது. அது வேறெங்கோ இருந்தது. "வரும்," என்றார்.

"அப்ப மத்தியானம் தரையில மிதிக்கிறேன். கேட்குதான்னு வந்து சொல்லுங்க. பெரிய பாம்புச்செவியாமே."

சாயங்காலம் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டாள். "கேட்டுச்சா?"

"ம். ரெண்டு தடவை."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதிலிருந்து தினமும் இதே பேச்சுதான். அவரும் சளைக்கவில்லை. "இன்னைக்கு என்ன, கோபமா மிதிச்ச போல?" என்பார். "ஆமா, ரசம் தீஞ்சுபோச்சு," என்பாள்.

மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. மருந்துக்காரர் வந்தார், போனார், காய்ச்சல் மட்டும் போகவில்லை. கட்டிலோரம் உட்கார்ந்திருந்தவரின் விரலைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னாள்:

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. நான் ஒருநாள்கூட மிதிச்சதில்லங்க."

அவர் போர்வையை அவள் கழுத்துவரை இழுத்துவிட்டார்.

"வெக்கமா இருந்துச்சு. அந்த அக்காவுக்குக் கேட்டா என்ன நினைப்பாங்க? ஆனா நீங்க கேட்டுச்சுன்னு சொல்றப்ப நல்லா இருந்துச்சு. அதான் விட்டுட்டேன்." மூச்சு வாங்கியது. "இனிமே நிஜமாவே மிதிக்கிறேன்."

அவள் போனபிறகு அவர் முதலில் பார்த்தது சர்வேயரை. "ஐயா, நான் முட்டுக் கொடுக்குற இடத்துக்கு நேர் மேல என்ன வருது?"

சர்வேயர் வரைபடத்தில் விரலை ஓட்டினார். "கல்லறைத் தோட்டம்யா. வடக்கு மூலை. ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்."

ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, வடக்கு மூலைக்கே அவளைக் கொண்டுபோனார்கள்.

அதற்குப்பின் மற்றவர்கள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டபோது அவர் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு தனியாகப் போனார். அங்கே கூரையைத் தாங்குவதற்காக வெட்டாமல் விட்ட பெரிய கரித்தூண் ஒன்று இருந்தது. அதன் உச்சிக்கு நேர் மேலேதான் அவள். தூணில் காதை ஒட்டிக்கொண்டே சாப்பிட்டார். வேர் இறங்குவது கேட்டது. ஒரு மண்புழு திரும்பிப் படுத்தது கேட்டது. மிதிக்கிற சத்தம் மட்டும் கேட்கவில்லை. இரவு வீட்டுக்கு வந்தால் கடிகாரம் மணி சொன்னது.

இப்படியே காலம் போய், அந்தப் பகுதியில் கரி தீர்ந்தது. இனி தூண்களையும் ஒவ்வொன்றாக வெட்டி எடுத்துக்கொண்டு பின்வாங்க வேண்டியதுதான். தூண் போனால் கூரை விழும். கூரை விழுந்தால் மேலே நிலம் உட்காரும்.

"மேல கல்லறைத் தோட்டமாச்சே," என்றார் அவர்.

"அதான்யா வசதி," என்றார் மேஸ்திரி. "அங்க இருக்குறவங்க யாரும் புகார் குடுக்க மாட்டாங்க."

ஆட்கள் சிரித்தார்கள். தூண்கள் ஒவ்வொன்றாகப் போயின. கடைசியில் அவள் தூணுக்கு வந்தார்கள். பக்கத்து முட்டில் காதை வைத்தார். முட்டு வாயே திறக்கவில்லை.

'பேசுது' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தூண் பிழைத்துவிடும். ஆனால் விழாத கூரைக்குப் பயந்து ஓடியவன் அடுத்த தடவை ஓடமாட்டான். ஓடாதவன்மேல் ஒருநாள் கூரை விழும். அந்த ஆட்களின் பிள்ளைகளை எல்லாம் அவருக்குத் தெரியும்.

"என்ன செவி, என்ன சொல்லுது?" என்றார் மேஸ்திரி.

பாம்புச்செவி வாயைத் திறந்தார். பொய்யை எடுத்து நாக்கின்மேல் தயாராக வைத்திருந்தார். அப்போது கேட்டது. திம். கொஞ்சம் யோசித்து, இன்னொரு திம். பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று குதிகாலை மெதுவாக வைக்கிற மாதிரி, பழக்கமில்லாத மிதி.

"பேசுது," என்றார்.

முதலில் ஓடியவர் மேஸ்திரி. கடைசி ஆள் வெளியே வந்ததும் பின்னால் கூரை இறங்கியது. மேலே கல்லறைகள் எல்லாம் வரிசை கலையாமல், ஒன்றையொன்று முந்தாமல், ஆள் உயரம் இறங்கின. அவள் தூண் மட்டும் நின்றது. தூணுக்கு மேலே அவள் நின்றாள். கீழே அந்த வழியைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். அங்கே உட்கார்ந்து சாப்பிட இனி முடியாது.

ஆட்கள் அவரைத் தோளில் தூக்காத குறை. மறுநாளே அவர் விளக்கு அறையில் வேலை கேட்டார்; இறங்குகிறவர்களுக்கு விளக்குக் கொடுத்து, ஏறி வருகிறவர்களிடம் வாங்கி வைக்கிற வேலை.

"ஏன்யா, காதுக்கு என்ன வந்துச்சு?" என்றார் மேஸ்திரி.

"காதுக்கு ஒண்ணுமில்ல. வாய் கொஞ்சம் முந்திக்குது."

விடுமுறை நாட்களில் சின்ன ஏணியோடு அவர் தோட்டத்துக்குப் போவார். மேட்டில் ஏறி, செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகாலால் இரண்டு தடவை மிதிப்பார். பிறகு குனிந்து, "கேட்டுச்சா?" என்று கேட்பார். இருட்டும்வரை காதை வைத்துப் படுத்திருப்பார். ஊர் திரும்புகிற வழியில் யாராவது விசாரித்தால், "ம், ரெண்டு தடவைன்னு சொன்னா," என்பார்.

கல்லறைத் தோட்டம் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிறது. அந்தச் சுரங்கம் ஒருநாளும் ஆற்றைத் தாண்டியதில்லை. எழுதியவன் இன்னும் வாய் கொப்பளித்துக்கொண்டுதான் இருக்கிறான்.