செல்லப்பா சாரின் காதல் கேசட்

செல்லப்பா சாருக்குக் கல்யாணமான கதையைக் கேட்காதவர் தென்காசியில் யாராவது இருந்தால், அவர் சீசனுக்கு வந்த வெளியூர்க்காரராகத்தான் இருக்க வேண்டும். நிச்சயத்துக்கும் முகூர்த்தத்துக்கும் நடுவே, ரேடியோவின் நேயர் விருப்பத்திலிருந்து தாமே பாட்டுகளைப் பதிந்து, சுந்தரபாண்டியபுரத்தில் இருந்த பெண்ணுக்கு ஒரு கேசட் அனுப்பினார். கேட்ட மாத்திரத்தில் அவள் உருகிவிட்டாள். தலைமை ஆசிரியராக இருந்த காலம் முழுக்க ஆண்டு விழா, காதுகுத்து, வழியனுப்பு விழா என்று அந்த உருகல் பல மேடைகளைக் கண்டுவிட்டது.

நாளைக்குக் குற்றாலத்தில் ஒரு இசை ரசிகர் மன்றக் கூட்டம். 'இசையும் இல்லறமும்' என்று பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பேச்சு மட்டும் போதாது, அந்தக் கேசட்டையே மைக்கில் போடுகிறேன் என்று சார் வாக்குக் கொடுக்க, நோட்டீஸிலும் அது கொட்டை எழுத்தில் வந்துவிட்டது.

கேசட் மனைவி இசக்கிசெல்வியின் டிரங்குப் பெட்டியில், கல்யாணப் புடவைக்கு அடியில் கிடைத்தது. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு டேப் ரிக்கார்டரை வாங்கி வந்து, ஒத்திகை பார்க்க உட்கார்ந்தார். வெளியே சாரல். இசக்கிசெல்வி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

பொத்தானை அமுக்கினார். முதலில் இரைச்சல். பிறகு ஒரு வாலிபக் குரல், "அன்புள்ள செல்விக்கு" என்றது. சார் கண்ணை மூடிக்கொண்டார்.

பாட்டு வரவில்லை. யாரோ முனகினார்கள். முனகல் மெல்ல உயர்ந்து, சுருதியைத் தேடிப் போய், கிடைக்காமல் திரும்பி வந்தது. நடுவில் வாயாலேயே தபேலா. பிறகு தூக்கம் கலைந்த அம்மாவின் குரல்: "ஏலே செல்லப்பா, வயித்து வலியாலே?"

சாருக்குப் பாட்டுப் பதிந்த அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்படியே நினைவுக்கு வந்தது. தூங்கும் அம்மாவை எழுப்பக்கூடாதென்று ரேடியோவில் இயர்போனைச் செருகி, காதில் மாட்டிக்கொண்டு கேட்டார். எதிரே இரவல் டேப் ரிக்கார்டர். இயர்போனைச் செருகினால் ரேடியோவின் வாய் அடைத்துவிடும் என்பது, பௌதிகத்தில் பட்டம் வாங்கியவருக்கு அன்று தோன்றவில்லை. ரேடியோ அவர் காதுக்குள் பாடியது. டேப் ரிக்கார்டர் அவரைக் கேட்டது. அவசரத்தில் போட்டுப் பார்க்காமலே அனுப்பியும் விட்டார்.

"இதை நீ கேட்டியா?"

"கேக்காம? பாட்டு இப்ப வரும், இந்தா வரும்னு ரெண்டு பக்கமும் கேட்டேன்."

"நல்லாருந்துச்சுன்னு சொன்னியே!"

"கட்டிக்கப் போறவருகிட்ட வேற என்னத்தச் சொல்ல?"

சாருக்கு முப்பது வருஷத்து மேடைகள் எல்லாம் ஒன்றாகச் சரிந்தன. குரல் இறங்கியது. "இதைக் கேட்டும் ஏன் செல்வி கட்டிக்கிட்ட?"

"பத்திரிகை அடிச்சாச்சு. எங்கப்பா ஊரு பூரா வச்சிட்டாரு."

டேப்பில் வாலிபர் இரண்டாம் சரணத்துக்குப் போயிருந்தார். அணைக்கச் சாருக்குக் கை எழவில்லை.

"வீட்டுல கிடந்த மத்த கேசட்டெல்லாம் எங்க? அதுல ஒண்ணைப் போட்டுக்கிடலாம்."

"எங்க அண்ணன் வாங்கிட்டுப் போனான். சூரியகாந்திக் காட்டுல கிளி விரட்ட ரிப்பனை இழுத்துக் கட்டுவாம்லா, காத்துக்கு உய்ய்னு கத்தும்."

"இதை மட்டும் ஏன் கொடுக்கல?" கேள்வியில் கொஞ்சம் நம்பிக்கை மிச்சமிருந்தது.

இசக்கிசெல்வி ஒரு காம்பை உருவினாள். "கிளி பாவம்லா."

போன் அடித்தது. மன்றச் செயலாளர் முத்துக்குமாரசாமி. "அண்ணாச்சி, ஸ்பீக்கரு வந்துட்டு. அருவிச் சத்தத்தை அமுக்கிரும், அப்படி ஸ்பீக்கரு. கேசட்டை மட்டும் கொண்டாந்திருங்க."

சார் 'ம்' என்றார். போனை வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தார்.

"ரிப்பன் அறுந்துட்டுன்னு சொல்லிரட்டா? போகாமலே இருந்துரட்டா? நோட்டீஸ் வேற அடிச்சிட்டானுவ."

இசக்கிசெல்வி கீரையைச் சட்டியில் வழித்துப் போட்டுவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"அடிச்சாச்சுன்னா போய்த்தான் ஆவணும். அன்னைக்கு நான் வரலியா?"