நாற்பது நொடி

ஒரே பொய்யை நாற்பது வருஷம் கசங்காமல் வைத்திருப்பது லேசான காரியமில்லை. மாஸ்டருக்கு அது கைவந்த கலை. சீருடை தைக்கும் கடைக்கு அவர்தான் மாஸ்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆறு பேர் கொண்ட ஜாஸ் பேண்டுக்கும் அவரே மாஸ்டர். பேண்டுக்கு நாற்பது வயது நிறைவதால் நூலகம் ஒரு சின்னப் புத்தகம் போடப்போகிறது என்று தெரிந்ததும், டிரம்பெட்டைத் துடைத்துத் துணி வெட்டும் மேசைமேல் வைத்துவிட்டு, நூலகத்துப் பெண் உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"எங்க ஸ்டைலே வேகம்தாம்மா. பழைய ஜாஸை எல்லாரும் ஆடி அசைஞ்சு வாசிப்பாங்க. நான் அதை வேணும்னே முடுக்கிவிட்டேன்."

அவள் போனில் பதிவு செய்துகொண்டே கேட்டாள்: "கிளாரினெட் வாசிச்சவர் மட்டும் ரெண்டாவது வருஷமே விலகிட்டாராமே?"

"என் மச்சான்தான். தங்கமான மனுஷன். விரல் ஓடல, பாவம்."

அந்தப் 'பாவம்' அவராகத் தைத்த பொத்தான். நாற்பது வருஷமாக அதே இடத்தில்தான் இருக்கிறது.

நடந்தது வேறு. அந்த நாளில் ஆறு பேரில் ஒருவருக்கும் இசைக்குறிப்பு படிக்கத் தெரியாது. டிரம் அடித்த பேக்கரிக்காரருக்குத் தன் கணக்கு நோட்டே சரியாகப் படிக்க வராது. இருந்தவை ஒரே ஒரு இசைத்தட்டும், மாஸ்டர் பழைய சாமான் கடையில் பேரம் பேசி வாங்கிய ஒரு ரெக்கார்டு பிளேயரும்தான். பிளேயர் மெதுவாகச் சுற்றி, பாட்டு அழுது வடிந்தது. மெக்கானிக்கைக் கூப்பிடலாம் என்றார்கள். மாஸ்டர் கேட்பாரா? மோட்டாரின் முனையில் தையல் நூலைச் சுற்றிப் பருமனாக்கினார். முனை பருத்தால் தட்டு வேகமாகச் சுற்றும் என்பது தையல் மிஷினோடு மல்லுக்கட்டியவருக்குத் தெரியாதா? தெரிந்ததுதான். ஆனால் நூல் ஏழெட்டுச் சுற்று கூடிப்போனது.

பாட்டு தலைதெறிக்க ஓடியது. சுருதியும் கூடவே ஏறியது. ஆறு பேரும் காதால் கேட்டு, ஊசியைத் தூக்கித் தூக்கி வைத்து, அந்த ஏறின சுருதியிலேயே கற்றுக்கொண்டார்கள். அதில் வாசிப்பதற்குள் விரல்கள் ஒன்றோடொன்று சண்டைக்குப் போயின. ஜாஸ் என்றால் சும்மாவா என்று ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொண்டார்கள்.

முதல் நிகழ்ச்சி ஒரு செருப்புக்கடைத் திறப்பு விழா. ஆட வந்த ஜோடிகள் பாதிப் பாட்டில் மூச்சிரைத்து நாற்காலி தேடினார்கள். மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகை 'எக்ஸ்பிரஸ் பேண்ட்' என்று எழுதியது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது. பழத்தை விழவைத்தது நான்தான் என்று காக்கை அன்றிலிருந்து சொல்லிக்கொண்டு திரிகிறது.

மச்சான், மாஸ்டர் மனைவியின் அண்ணன், வாட்ச் ரிப்பேர் செய்பவர். இசைத்தட்டின் நடுவில் மூன்று நிமிடம் பத்து நொடி என்று அச்சிட்டிருந்ததை அவர் ஒருவர்தான் படித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுவிட்டு மாஸ்டரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மாப்ள, நாற்பது நொடி முன்னாடியே முடியுது. தட்டு வேகமா சுத்துது. நூலைக் கொஞ்சம் பிரிச்சுட்டு, எல்லாரும் முதல்லேருந்து கத்துக்கலாம்."

அன்று எல்லோரும் போனபின் மாஸ்டர் கதவைச் சாத்திவிட்டு, கூடுதல் சுற்றுகளைப் பிரித்தார். அடுத்த ஞாயிறு மறுபடி சுற்றி வைத்துவிட்டு, எல்லோர் முன்னிலும் சொன்னார்: "வேகம்தான் நம்ம ஸ்டைல் மச்சான். உங்க விரலுக்கு ஒத்துவரலைன்னா கட்டாயமில்ல." மச்சான் கிளாரினெட்டைக் கழற்றிப் பெட்டியில் வைத்தார். அதன்பின் வீட்டு விசேஷங்களில் இருவரும் வானிலை பற்றி மட்டும் பேசினார்கள்.

"அடுத்து அவரைத்தான் பார்க்கப் போறேன் சார்," என்றாள் நூலகத்துப் பெண்.

பொய்யின் மறுமுனை அந்த மனிதர் கையில் இருக்கிறது. ஒரு இழு இழுத்தால் மொத்தமும் பிரிந்துவிடும். "நானும் வரேம்மா. அவருக்கு ஞாபகம் கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும்," என்று மாஸ்டர் டிரம்பெட்டையும் தூக்கிக்கொண்டு கிளம்பினார். போட்டோவுக்காம்.

வாட்ச் கடையில் மச்சான் ஒரு கண்ணில் லென்ஸோடு நிமிர்ந்தார். "வாங்க மாப்ள. தங்கச்சி சௌக்கியமா?"

அவள் அதே கேள்வியைக் கேட்டாள். மச்சான் லென்ஸைக் கழற்றினார். "மாப்ள என்ன சொன்னாரு?"

"உங்களுக்கு விரல் ஓடலைன்னு."

மாஸ்டர் சுவர்க் கடிகாரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் ஒரே நேரம் காட்டின.

"அப்படியே எழுதிக்கம்மா," என்றார் மச்சான். "அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

தப்பித்தோம் என்று மாஸ்டர் மூச்சு விட்டிருக்க வேண்டும். விட முடியவில்லை. ரோமம் போன்ற ஸ்பிரிங்கை ஊசிமுனையால் தூக்கி வைக்கிற அந்த விரல்கள், ஓடாத விரல்கள் என்று அச்சேறப்போகின்றன. அவருக்கு வெட்கமாக இருந்தது.

"எழுதாதேம்மா. பொய் அது. வேகம் என் ஐடியாவே இல்ல. நூலை அதிகமா சுத்திட்டேன், அவ்வளவுதான். அதைக் கண்டுபிடிச்சவர் இவர்."

அவள் சிரித்தாள். "என்ன அடக்கம் சார் உங்களுக்கு! செஞ்ச சாதனையைக் கொண்டுபோய் நூல் தலையில கட்டுறீங்களே. இதையும் போட்டுடறேன்."

நாற்பது வருஷத்தில் ஒரே ஒரு உண்மை சொன்னார். அதுவும் பெருமையில் சேர்ந்துவிட்டது.

"நம்பலைன்னா வாசிச்சுக் காட்டிடலாம்," என்று மச்சான் மேசை இழுப்பறையைத் திறந்தார். உள்ளே இருந்த கிளாரினெட்டின் வாய்முனையில் நாணல் பட்டை புதிதாக இருந்தது. மனிதர் ஒரு நாளும் வாசிப்பை விட்டிருக்கவில்லை.

அவர் சரியான வேகத்தில் தொடங்கினார். பாட்டு நிதானமாக நடந்து வந்தது. இத்தனை அழகான பாட்டையா இத்தனை வருஷம் விரட்டி அடித்தோம் என்று மாஸ்டர் நொந்துகொண்டார். நடுவில் டிரம்பெட்டின் நீண்ட ஸ்வரம் வந்தது. மாஸ்டர் டிரம்பெட்டை எடுத்து ஊதினார். எட்டு எண்ணும் வரை இழுக்க வேண்டும். ஆறில் மூச்சு அறுந்தது. மச்சான் கண்ணைத் திறக்காமலே மிச்ச இரண்டையும் கிளாரினெட்டில் வாசித்துக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

"வயசாச்சுல்ல சார்," என்றாள் அவள் ஆதரவாக.

"வயசில்லம்மா." மாஸ்டர் டிரம்பெட்டை மடியில் வைத்துக்கொண்டார். "அன்னைக்கே ஆறுதான் வந்துச்சு. நூலைப் பிரிச்சு, கதவைச் சாத்திட்டு ஊதிப் பார்த்தேன். பாட்டு வேகமா ஓடினா அந்த எட்டு சீக்கிரமே முடிஞ்சுடும். அதுக்காகத்தான் திரும்பச் சுத்தினேன். விரல் இல்ல, மூச்சுதான் காரணம். அதுவும் என் மூச்சு."

இந்தமுறை அவள் சிரிக்கவில்லை. மச்சான் கிளாரினெட்டைத் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார்.

"இவ்வளவுதானா மாப்ள?" என்றார். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மிச்ச ரெண்டையும் அன்னைக்கே நான் வாசிச்சிருப்பேனே."