டெல்லாவுக்கு எதிராக ஒரு ஓட்டு

கார்லண்ட் ஸ்ட்ரூப் பிரசங்கத்தின்போது தூங்காமல் இருந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்றே ஒன்றுதான். அன்று பிரசங்கம் செய்தவர் ஆயர் அல்ல, பள்ளி பஸ் ஓட்டும் டெல்லா ரின்ஹார்ட்.

பிப்ரவரி மாதம் அது. ஞாயிறுதோறும் மூன்று சபைகளுக்கு ஓடிக்கொண்டிருந்த இளம் ஆயரின் கார் நடுவழியில் பனியில் புதைந்துவிட்டது. பஸ் ஓட்டிப் பழகிய டெல்லா மட்டும் எந்தப் பனியிலும் வந்து சேர்ந்துவிடுவாள். யாராவது ஏதாவது பேசித்தானே ஆகவேண்டும் என்று எழுந்தாள். பஸ்ஸில் தினமும் தனியாக உட்கார்ந்து வரும் ஒரு சிறுமியைப் பற்றியும், ஒருநாள் இன்னொருத்தி அவளருகே போய் உட்கார்ந்ததைப் பற்றியும் சொன்னாள். அவ்வளவுதான். முடித்தபோது கார்லண்ட் விழித்திருந்தது மட்டுமல்ல, கண்ணையும் துடைத்துக்கொண்டிருந்தார். கேட்டதற்கு, தூசி விழுந்துவிட்டது என்றார். முழங்கால் அளவு பனி மூடிய ஒஹையோவில் தூசி எங்கிருந்து வந்ததோ, அவருக்கே வெளிச்சம்.

டெல்லாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. ஆயராகி ஊழியத்துக்குப் போகவேண்டும் என்ற ஆசை இருபது வயதிலேயே வந்து, பிள்ளைகள், மாமியார், கடன் என்று ஒவ்வொன்றுக்கும் வழிவிட்டு ஒதுங்கி நின்றிருந்தது. அந்தப் பனி ஞாயிறுக்குப் பிறகு அதற்கு மேல் ஒதுங்க மறுத்துவிட்டது.

ஆனால் மெதடிஸ்ட் சபையினரான இவர்களிடம் ஆண்டவர் அழைத்தார் என்று நீங்களாகச் சொல்லிக்கொண்டு கிளம்பிவிட முடியாது. முதலில் சபையின் கமிட்டி கூப்பிட்டு விசாரிக்கும். பிறகு சபையே கூடிச் சீட்டில் ஓட்டுப் போட வேண்டும். மூன்றில் இரண்டு பங்குபேர் சரி என்றால்தான் மேற்கொண்டு பேச்சு. ஆண்டவர் அழைத்தது சரிதானா என்று கார்லண்டும் மற்றவர்களும் சரிபார்க்க வேண்டும் என்பது இவர்களுடைய ஏற்பாடு.

கமிட்டி சரி என்றது. அடுத்து, எங்கே படிப்பது?

டெல்லாவின் கணவன் வெண்டல் டிராக்டர் பழுது பார்ப்பவன். வாங்கும் பொருள் எதுவானாலும் அதன் விளக்கப் புத்தகத்தை முதலில் படித்துவிடுவான். இறையியல் கல்லூரிகளின் வண்ணத் தாள்களையும் சாப்பாட்டு மேசையில் பரப்பி, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

“இங்க பாரு டெல்லா, இந்தக் காலேஜ்ல நீச்சல் குளமே இருக்கு.”

“எதுக்கு? நாம தண்ணிய தலையில தெளிச்சு ஞானஸ்நானம் குடுக்கிறவங்க. ஒரு கிண்ணம் போதும்.”

“தெக்கே ஒண்ணு இருக்கு. கல்லு கட்டடம், பெரிய பேரு. ஃபீஸைப் பாத்தா... அம்மாடியோவ், ஒரு அறுவடை மிஷினே வாங்கலாம்.”

“புதுசா?”

“செகண்ட் ஹாண்டு. ஆனா நல்லா ஓடுறது.”

பெரிய பேர் உள்ளது அதோடு மேசையை விட்டு இறங்கியது. கடைசியில் மிஞ்சியது, காரில் இரண்டு மணி நேரத் தொலைவில் உள்ள ஒரு சின்னக் கல்லூரி. திங்களும் செவ்வாயும் மட்டும் வகுப்பு. மற்ற நாட்களில் பஸ் ஓட்டலாம். அதைவிட முக்கியம், படிக்க வருபவரின் தாய்ச் சபை எவ்வளவு கொடுக்கிறதோ அதே அளவைக் கல்லூரியும் போடும் என்று எழுதியிருந்தது.

“மீதிக்கு என் படகை வித்துடலாம்,” என்றான் வெண்டல், தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

அந்த மீன்பிடி படகில் சொந்தத் தம்பியைக்கூட உட்காரவிடாதவன் அவன். இவனையா முப்பது வருஷமாகக் கஞ்சன் என்று திட்டிக்கொண்டிருந்தோம் என்று டெல்லா வெட்கப்பட்டாள்.

சபையிடம் இருந்த பணம் என்பது நூடுல்ஸ் பணம்தான். ஆண்டுதோறும் அக்டோபரில் கோழி நூடுல்ஸ் விருந்து நடக்கும். மசித்த உருளைக்கிழங்கின்மேல் நூடுல்ஸை ஊற்றிக் கொடுப்பார்கள். அதற்காகப் பக்கத்து ஊர் லூதரன் சபையினர்கூட, தங்கள் ஆயருக்குத் தெரியாமல் வந்து வரிசையில் நிற்பார்கள். அந்தப் பணத்தைப் பல வருஷமாகப் புது அடுப்புக்கென்று சேர்த்துவந்தவர் சமையலறைத் தலைவி ஆர்லிஸ் பிங்கமன். எழுபது தாண்டியவர். பழைய அடுப்பில் பாதி எரியாது. அதன் அடியில் உள்ள ரொட்டி சுடும் அறையின் கதவு தானாகத் திறந்துகொள்ளும் என்பதால் ஒரு நாற்காலியை முட்டுக்கொடுத்து வைத்திருந்தார்கள். அடுப்புப் பணத்தை டெல்லாவின் படிப்புக்குக் கொடுத்தால் என்ன என்று கமிட்டியில் யாரோ கேட்டுத் தொலைத்தார்கள்.

ஓட்டெடுப்புக்கு முந்தின புதன்கிழமை. பெண்கள் எல்லாரும் சர்ச் அடித்தளத்தில் நூடுல்ஸுக்கு மாவு தேய்த்துக்கொண்டிருந்தார்கள். ஆர்லிஸ் நேராக டெல்லாவிடம் வந்து நின்றார்.

“ஏண்டி, நீ ஆயராகறதுக்கு என் அடுப்புதான் கெடைச்சுதா?”

“நான் கேக்கலீங்க ஆர்லிஸ். கமிட்டிதான்...”

“மாவை இன்னும் மெலிசா தேய். இது என்ன, செருப்புத் தோலா?”

அவ்வளவுதான் பேச்சு. ஆர்லிஸுக்கு இஷ்டமில்லை என்று டெல்லா முடிவு கட்டிக்கொண்டாள். ஆர்லிஸுக்கு இஷ்டமில்லாத எதுவும் அந்தச் சபையில் நடந்து யாரும் பார்த்ததில்லை.

ஞாயிறு மதியம், ஓட்டெடுப்பை நடத்தித் தர மாவட்டச் சபைகளின் கண்காணிப்பாளர் ரெவரெண்ட் மெரிடித் வந்திருந்தார். ஜெபம் முடிந்ததும் கார்லண்ட் எல்லாருக்கும் சீட்டு நீட்டிக்கொண்டே வந்தார். டெல்லாவுக்கும் ஒன்று நீட்டினார். அவளும் சபை உறுப்பினர்தானே.

சீட்டும் பென்சிலும் கையில் வந்தபிறகுதான் அவளுக்குச் சங்கடம் தெரிந்தது. தனக்குத் தானே ஓட்டுப் போட்டுக்கொள்வதா? தட்டில் மிஞ்சிய கடைசித் துண்டு ஆப்பிள் பலகாரத்தை யாரும் எடுக்காத ஊர் அது. ஆளாளுக்கு அதைப் பாதி பாதியாக வெட்டி, கடைசியில் ஒரு துணுக்கு மிஞ்சி, அதுவும் நாய்க்குப் போகும். அந்த ஊரில் வளர்ந்தவள், ‘ஆமாம், நானேதான் தகுதியானவள்’ என்று எப்படி எழுதுவாள்? வெற்றுச் சீட்டாகக் கொடுக்கலாம் என்றால், காகிதத்தை வீணாக்க மனம் வரவில்லை. இதெல்லாம் வெளியே சொல்லக்கூடிய காரணம். உள்ளே வேறொன்றும் இருந்தது. இருபத்தைந்து வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்து பைபிளின் மூலமொழியான கிரேக்கம் படிப்பதை நினைத்தாலே அவளுக்குப் பயமாக இருந்தது. சபை வேண்டாம் என்று சொல்லிவிட்டால் படகும் பிழைக்கும், தானும் பிழைக்கலாம்.

சீட்டில் ‘இல்லை’ என்று எழுதி, மடித்துக் கூடையில் போட்டாள். அதில் பணிவு பாதி, பயம் பாதி.

மெரிடித் எண்ணி முடித்துச் சிரித்தார். “எல்லாமே ‘ஆம்’. ஒண்ணே ஒண்ணு மட்டும் ‘இல்லை’. தீர்மானம் நிறைவேறிச்சு. வாழ்த்துகள் டெல்லா!”

கைதட்டினார்கள். தட்டிக்கொண்டே எல்லாருடைய கழுத்தும் மெதுவாக ஆர்லிஸ் பக்கம் திரும்பியது. கார்லண்ட் மட்டும் வாய்விட்டே சொன்னார்:

“அடுப்பை விட்டுக்குடுக்க மனசு வரல போல.”

ஆர்லிஸின் முகம் சிவந்தது. எழுந்து, காபி போடுவதாகச் சொல்லிச் சமையலறைக்குள் போனார். உள்ளே அந்த நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது.

டெல்லா வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். தீர்மானம் நிறைவேறிவிட்டது. காபி வரும், பலகாரம் வரும், எல்லாரும் வீட்டுக்குப் போவார்கள். ஆனால் ஆர்லிஸ் யாரையும் திட்டாமல் எழுந்துபோய் அவள் பார்த்ததே இல்லை. அதை அவளால் தாங்க முடியவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைபோல் கையைத் தூக்கினாள்.

“அது ஆர்லிஸ் போட்டது இல்ல. நான் போட்டது.”

“என்னது?” என்றான் வெண்டல்.

“எனக்கு நானே எப்படிப் போட்டுக்கறது? நல்லாவா இருக்கும்?”

மெரிடித் கண்ணாடியைக் கழற்றினார். “இத்தனை வருஷத்துல கமிட்டி எதுத்துப் பாத்திருக்கேன், மாமியார் எதுத்துப் பாத்திருக்கேன். போறவங்க தங்களையே எதுத்து ஓட்டுப் போட்டு இன்னிக்குத்தான் பாக்கறேன்.”

கூடமே சிரித்தது. சிரிப்பைக் கேட்டு ஆர்லிஸ் கையில் துடைக்கும் துணியோடு வெளியே வந்தார். விஷயத்தைக் கார்லண்ட் சொல்ல, துணியைத் தோளில் போட்டுக்கொண்டு டெல்லாவின் எதிரே வந்து நின்றார்.

“உனக்கு மூளை இருக்காடி?”

“உங்களுக்கு இஷ்டமில்லைன்னு நெனச்சேன். அடுப்பு...”

“அடுப்புதான் கெடைச்சுதான்னு கேட்டேன். தரமாட்டேன்னு சொன்னேனா? ரெண்டு வார்த்தை திட்டிட்டுக் குடுக்கலாம்னு பாத்தா, அதுக்குள்ள நீயே முடிவு பண்ணிட்டியே!”

யாரோ மறுபடி சிரித்தார்கள். ஆர்லிஸ் சிரிக்கவில்லை.

“நான் பொறந்ததுலேருந்து இந்தச் சபைக்கு யாரு வரணும்னு பேராயர்தான் முடிவு பண்றாரு. எங்களை ஒரு வார்த்தை கேட்டதில்ல. ஒருத்தர் பிரசங்கத்துல புல்லாங்குழல் ஊதினாரு, பொறுத்துக்கிட்டோம். ஒருத்தர் நூடுல்ஸ் உடம்புக்கு ஆகாதுன்னாரு, அவரையும் பொறுத்துக்கிட்டோம். இன்னிக்குத்தான் முதல் தடவையா ‘இவங்களை அனுப்பலாமா’ன்னு எங்ககிட்ட கேட்டாங்க. நான் ‘ஆம்’னு போட்டேன். சந்தோஷமா போட்டேன். நீ என்னடான்னா...” குரல் உடைந்தது. துணியால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

“படிச்சு முடிச்சதும் இவளை வேற ஊருக்குத்தானே அனுப்புவாங்க,” என்றார் கார்லண்ட் மெதுவாக. “நமக்குக் கெடைக்கமாட்டாளே.”

“அனுப்பட்டும். அங்கேயும் தூங்கறவன் ஒருத்தன் இருப்பான்ல?” என்றார் ஆர்லிஸ். “அடுப்புப் பணம் மொத்தமும் அவளுக்குத்தான். நாற்காலி இன்னும் நல்லாதான் இருக்கு.”

டெல்லா அழுதாள். மறைக்கவும் இல்லை. தன்னை வேண்டாம் என்று சொல்லும் ஆளை இத்தனை நாள் வெளியே தேடிக்கொண்டிருந்தது எவ்வளவு பைத்தியக்காரத்தனம் என்று நினைத்து, அழுகையோடு சிரிப்பும் வந்தது.

கார்லண்ட் தொண்டையைக் கனைத்தார். அவர் சட்டதிட்டக்காரர். “ஒருத்தர் தப்பாப் போட்டேன்னு சொல்லிட்டாங்க. மறுபடி ஓட்டு எடுத்தாதான் கணக்கு சுத்தமா இருக்கும்.”

அவசியமில்லை என்று மெரிடித் சொல்லிப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை. புதுச் சீட்டுகள் வந்தன. டெல்லா பென்சிலைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். ஆர்லிஸ் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து குனிந்து நின்றார்.

“எழுது.”

“இது ரகசிய ஓட்டுங்க ஆர்லிஸ்,” என்றார் மெரிடித்.

“நான் பாக்கவே இல்லையே,” என்றார் ஆர்லிஸ், சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கண்காணிப்பாளர் கூரையில் ஏதோ விரிசலை ஆராயத் தொடங்கினார். டெல்லா மூச்சை இழுத்துவிட்டு ‘ஆம்’ என்று எழுதினாள்.

“இன்னும் பெருசா எழுதுடி,” என்றார் ஆர்லிஸ். “கார்லண்டுக்குக் கண்ணு சரியா தெரியாது.”