கரையில் நின்ற ஆள்

பெங்களூரிலிருந்து திரும்பி வந்த காகிதக் கட்டைப் பிரித்ததும் ராஜாமணிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தர்மபுரியில் வாரப் பத்திரிகை நடத்துகிறவர் அவர். ஒகேனக்கல்லில் பரிசல் கவிழ்ந்து ஏழு பேர் செத்தது பற்றிய விசாரணையின் சாட்சி வாக்குமூலங்கள், ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தவை, எப்படியோ அவர் கைக்கு வந்திருந்தன. பெங்களூரில் நண்பரின் கம்பெனியில் புதிதாக ஒரு மிஷின் இருந்தது. தட்டச்சு எழுத்தைத் தானே படித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடும்; பிறகு எந்தப் பெயரைக் கேட்டாலும், அது இருக்கும் பக்கங்களைக் காட்டிவிடும். ஆனால் இவர் அனுப்பியது கார்பன் நகல். மங்கிய எழுத்தில் மிஷின் திணறி, வெறும் எண்களையும் புள்ளிகளையும் கக்கியிருந்தது.

“பானு, புது ரிப்பன் போட்டு எல்லாத்தையும் மறுபடி அடிச்சுக் குடும்மா.”

நசீம் பானு அவரிடம் வேலை பார்த்துக்கொண்டே, சாயங்காலம் தட்டச்சு ஹையர் வகுப்புக்குப் போகிறவள். செத்த ஏழு பேரில் அவள் அண்ணன் ஜமீரும் ஒருவன். பரிசல்காரன் குடித்திருந்தான் என்று சொல்லி விசாரணையை முடித்துவிட்டார்கள். வெள்ளம் ஏறுவது தெரிந்தும் பரிசலைத் தள்ளச் சொன்னது பரிசல்துறைக் குத்தகைக்காரன் காளியப்பன்தான் என்று பஸ்ஸில்கூடப் பேசிக்கொண்டார்கள். அவனோ அன்றைக்குப் பாலக்கோட்டில் இருந்ததாகச் சொல்லிவிட்டு, மல் வேட்டி கசங்காமல் நடமாடிக்கொண்டிருந்தான்.

அடித்துக்கொண்டே போனாள். சாட்சிக்குச் சாட்சி ஒரே வரி: கரையில் நின்ற ஓர் ஆள் ‘போ’ என்று கத்தினான். மீன் வறுவல் கடைக்காரி சாலம்மாளின் வாக்குமூலப் பக்கத்திலும் அதே வரி. அந்த இடம் வந்ததும் அவள் விரல்கள் ‘ஓர் ஆள்’ என்பதற்குப் பதிலாகக் காளியப்பன் பெயரை அடித்தன. எதையும் இரண்டு முறை சரிபார்க்காமல் கொடுக்காதவள், அந்தப் பக்கத்தை மட்டும் சரிபார்க்காமல் அடுக்கில் வைத்தாள். நெஞ்சுக்குள் ஐஸ் வைத்ததுபோல் இருந்தது.

இந்த முறை மிஷின் படித்துவிட்டது. ராஜாமணி தாளை ஆட்டிக்கொண்டு வந்தார்.

“மாட்டிக்கிட்டான்மா. சாலம்மா அவன் பேரச் சொல்லியிருக்குது. நாளைக்கு நேர்ல போயி ஒரு வார்த்த கேட்டுட்டு அச்சுக்குக் குடுத்துடலாம்.”

நேரில் கேட்பார் என்று அவள் நினைக்கவே இல்லை. சாலம்மாள் ‘நான் அப்படிச் சொல்லலையே’ என்பாள். அது காளியப்பன் காதுக்குப் போகும். அவன் சிரிப்பான். அந்தச் சிரிப்பை நினைத்தபோதுதான் அவளுக்கு வாய் திறந்தது.

“அந்தப் பேரு நானாச் சேத்து அடிச்சது சார்.”

ராஜாமணி தாளை மேசையில் கவிழ்த்து வைத்தார். “அவனுக்கு நீ வக்கீலாப் போயிருக்கலாம்மா. இந்த ஒரு பொய்ய வெச்சே மிச்சம் அத்தன நெசத்தையும் தட்டிவுட்டிருப்பான்.”

“தெரியுதுங்க. அதனாலதான் சொன்னேன். என்னைய வேலைய வுட்டு அனுப்புங்க, பரவால்ல. ஆனா ஒண்ணு சார். இத்தன பேரு ‘ஓர் ஆள்’னு சொல்லியிருக்காங்க. யாருன்னு ஒருத்தர்கிட்டயாவது கேட்டிருக்காங்களா? கேள்வியே இல்ல சார். எல்லாத்தையும் நான்தான அடிச்சேன்.”

மறுநாள் பென்னாகரம் வழியாகப் பஸ் பிடித்து இருவரும் ஒகேனக்கல் போனார்கள். சாலம்மாள் எண்ணெய்ச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“யாருக்கா அந்த ஆளு?” என்றாள் பானு.

“ஏன் கண்ணு, விசாரிக்க வந்த ஆபீசருக்குத் தெரியாதா? அந்த ஆளோட ஜீப்புலதான ஆபீசரே வந்து எறங்குனாரு. நானாச் சொல்ல வாயத் தொறந்தேன். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும்மான்னுட்டாரு.” கரண்டியைத் தட்டில் தட்டினாள். “காளியப்பன்தான். எழுதிக்கோ. ஓசி மீனு தின்னுட்டு என் அடுப்ப எட்டி ஒதச்சவன் அவன். கைநாட்டு வெக்கிறேன். நீ யாரு புள்ள?”

“ஜமீரோட தங்கச்சி.”

சாலம்மாள் அடுப்பை அணைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

திருத்திய பழைய பக்கமும் புதிய வாக்குமூலமும் பெங்களூருக்குப் போக வேண்டும். பானு டைப்ரைட்டரில் தாளைச் சொருகினாள். வேறு ஒரு காளியப்பன் என்று எவனும் தப்பிக்கக் கூடாது என்பதற்காக அப்பன் பெயர், ஊர், குத்தகை எண் எல்லாம் சேர்த்து அடித்தாள். முற்றுப்புள்ளி தாளைத் துளைத்துக்கொண்டு போனது. இரண்டு முறை சரிபார்த்தாள். பிறகு மூன்றாவது முறையும், ஆசைக்காக.