ஆளில்லாமல் ஆடிய ஒன்பதாம் நம்பர்

பெண்கள் கூடைப்பந்து தேசிய அணியின் ஒன்பதாம் நம்பர் ஜெர்சி, உலக மாணவர் போட்டியில் முதல் ஆட்டத்திலிருந்து கடைசி ஆட்டம் வரை உள்ளே ஆள் இல்லாமலேயே ஆடியது. நடுவர்கள் யாரும் ஆட்சேபிக்கவில்லை. ஜெர்சியை அரைக்கால் சட்டைக்குள் செருகியிருக்க வேண்டும் என்பது விதி, செருகியிருந்தது. நம்பர் முன்னும் பின்னும் தெளிவாகத் தெரிய வேண்டும், தெரிந்தது. உள்ளே ஆள் இருக்க வேண்டும் என்று விதிப்புத்தகத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை. எழுதித் தொலைக்க வேண்டியிருக்கும் என்று எழுதியவர்களுக்குத் தோன்றியிருக்காது.

அந்த ஜெர்சிக்கு உரியவளை அணியில் பஞ்சு என்று கூப்பிட்டார்கள். எவ்வளவு உயரம் குதித்தாலும் தரையில் சத்தமில்லாமல் இறங்குவாள், அதனால் வந்த பெயர். பேச்சும் அப்படித்தான். அவள் மோசமான ஆட்டக்காரி இல்லை, ஒப்புக்குச் சப்பாணியும் இல்லை. பந்தைக் கேட்டால் கொடுப்பாள், கேட்காவிட்டால் தன்னிடம் இருப்பதைச் சொல்ல மாட்டாள். பயிற்சி முடிந்து எல்லோருக்கும் டீ சொன்னால் பதினொன்றுதான் வரும். பன்னிரண்டாவது ஆள் கையை வீசிக்கொண்டு நிற்பதைப் பார்த்து யாராவது நாக்கைக் கடித்துக்கொண்டால், தனக்கு வேண்டாம் என்றுதான் சொன்னதாக அவளே சமாதானம் சொல்லிவிடுவாள். அவள் அப்படிச் சொல்லியிருக்கவே மாட்டாள்.

மேனேஜர் அம்மாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. பல வருடங்களுக்கு முன்னால் ஒரு வெளியூர் ஆட்டத்துக்கு ஆட்களையெல்லாம் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, ஜெர்சிப் பையை விடுதியிலேயே விட்டுவிட்டார். ஆடாமலே தோற்றார்கள், பத்திரிகைக்காரர்கள் சும்மா விடுவார்களா. அந்த அவமானத்துக்குப் பிறகு அவர் தலைகளை எண்ணுவதை அடியோடு விட்டுவிட்டார். பஸ் கிளம்பும் முன் பையைத் திறந்து ஜெர்சிகளை எண்ணுவார். பன்னிரண்டு இருந்தால் அணி முழுதாக இருக்கிறது என்று அர்த்தம். வளர்ந்த பெண்கள் தானாக ஏறிக்கொள்வார்கள், துணிக்குக் காலா இருக்கிறது என்பார்.

பயிற்சி முகாம் விடுதியிலிருந்து போட்டிக்குக் கிளம்பிய காலையில் பஞ்சு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தும்விட்டாள். அப்போதுதான், முந்தின நாள் கழுவி மொட்டை மாடியில் காயவைத்த ஷூ ஞாபகம் வந்தது. பக்கத்துச் சீட்டுப் பெண்ணிடம் சொல்லிவிட்டுத்தான் இறங்கினாள். அந்தப் பெண் காதில் பாட்டு மாட்டியிருந்தாள், சிரித்துத் தலையாட்டினாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஷூ இன்னும் ஈரமாகவே இருந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பியபோது கீழே பஸ் கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. கத்த வேண்டும் என்று நினைத்தாள். கத்திப் பழக்கமில்லாத தொண்டை, அது தயாராவதற்குள் பஸ் முனை திரும்பிவிட்டது.

கேப்டனுக்குப் போன் போட்டாள். பின்னணியில் பஸ் பாட்டும் கும்மாளமும் கேட்டன.

“அக்கா, நான் பஞ்சு. என்னை விட்டுட்டுப் போயிட்டீங்க.”

“ஏய், காலங்காத்தால விளையாடாத. நீ பின்னாடி சீட்லதான இருக்க, இதோ பாக்கறேனே.”

கேப்டன் திரும்பிப் பார்த்துவிட்டே சொன்னாள் என்பதுதான் பஞ்சுவை உலுக்கியது. கடைசிச் சீட்டில் ஜன்னலோரமாக ஒன்பதாம் நம்பர் ஜெர்சி உட்கார்ந்திருந்தது. பையிலிருந்து அது எப்போது வெளியே வந்தது என்று யாரும் கவனிக்கவில்லை. விமான நிலையத்தில் மேனேஜர் அம்மா தன் கைப்பையிலிருந்து பன்னிரண்டு பாஸ்போர்ட்டுகளை எடுத்து நீட்டினார், அதிகாரி ஒவ்வொன்றாகப் படத்தையும் ஆளையும் பார்த்து முத்திரை குத்தினார். ஒன்பதாம் நம்பரிடம் மட்டும் படத்தில் இருப்பதைவிட நேரில் களையாக இருப்பதாகச் சொன்னாராம்.

டிக்கெட் பயன்படுத்தப்பட்டுவிட்டது, பாஸ்போர்ட் நாட்டை விட்டுப் போய்விட்டது. ஊருக்குப் போகலாமென்றால் வீட்டில் என்ன சொல்வது? பஞ்சு அறைக்குத் திரும்பினாள். முகாம் முடிந்துவிட்டதால் சமையல்காரர் லீவில் போய்விட்டார், பன்னிரண்டு கட்டில்களில் பதினொன்றில் மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். கேட்டில் வாட்ச்மேன் மட்டும் இருந்தார். கடைக்குப் போய்விட்டு ரொட்டியோடு வந்தவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஏம்மா, நீ போகலையா?”

“போயிட்டேன் அண்ணே.”

அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, சரிதான் என்று கேட்டைத் திறந்துவிட்டார்.

முதல் ஆட்டம் இங்கே மதிய நேரத்தில் தொடங்கியது. பஞ்சு கட்டிலில் உட்கார்ந்து போனில் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவர் பந்தை மேலே எறிந்ததும் கட்டிலுக்கடியில் கீச்சென்று சத்தம் கேட்டது. ஷூ இரண்டும் வெளியே வந்து அறையின் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் ஓடத் தொடங்கின. போனில் ஜெர்சி திரும்பும்போது அவை திரும்பின, அது எம்பும்போது எம்பின. இறங்கும்போது மட்டும் சத்தமே வரவில்லை. பஞ்சுவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஜெர்சி அவள் வாழ்நாளில் துணியாத ஒரு தூரத்திலிருந்து பந்தை எறிந்து கூடையில் போட்டது. போட்டதோடு நிற்காமல் இன்னொரு முறை பந்து வேண்டும் என்று கையில்லாத தோளை உயர்த்திக் கேட்டது. பஞ்சு ஒரு நாளும் அப்படிக் கேட்டதில்லை.

ஆட்டம் முடிந்ததும் ஊரிலிருந்து அம்மா போன் செய்தாள். வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள்.

“என்னமா ஆடினடி கண்ணு! ஆனா ரொம்ப இளைச்சுட்ட. நேரத்துக்குச் சாப்பிடறியா இல்லையா?”

“சாப்பிடறேம்மா,” என்றாள் பஞ்சு. போனை வைத்தாள். கழுத்துக்கு மேலே ஒன்றுமில்லாத துணியைப் பார்த்துப் பெற்றவளே இளைத்துவிட்டதாக மட்டும் சொன்னால், வேறு யாரிடம் போய் முறையிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. தனிமை என்பது பக்கத்தில் ஆள் இல்லாதது என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள். நாம் இல்லாதது யாருக்கும் தெரியாமல் போவதும் ஒரு தனிமை என்று அன்றைக்குத் தெரிந்தது.

இரண்டாவது ஆட்டத்தின்போது அவளுக்குள் ஒரு யோசனை. ஓடிக்கொண்டிருந்த ஷூவைப் பிடித்துக் கால்களை நுழைத்துக்கொண்டாள். அந்த நொடியே போனில் ஜெர்சி தடுமாறியது. எறிய வேண்டிய பந்தை எறியாமல் பக்கத்தில் இருந்தவளுக்குக் கொடுத்தது, மோத வேண்டிய இடத்தில் வழிவிட்டு ஒதுங்கியது. அது பஞ்சுதான், அச்சு அசல் பஞ்சுவேதான். அணி தோற்றது. கேப்டனிடமிருந்து செய்தி வந்தது, “நேத்து அவ்வளவு நல்லா ஆடினியே, இன்னைக்கு உனக்கு என்னாச்சு?” பஞ்சு அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். பிறகு அவள் அந்த ஷூவுக்குள் கால் வைக்கவில்லை. ஆட்டம் தொடங்கும்போது கட்டிலில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்து அதற்கு இடம்விட்டுவிடுவாள்.

எதற்கும் அஞ்சாத ஜெர்சிக்கு ஒரே ஒரு குறை இருந்தது. ஃப்ரீ த்ரோ போட வராது. எதிராளி தப்பு செய்தால் கோட்டில் நின்று நிதானமாக, யாரும் மறிக்காமல் எறிகிற அந்தச் சின்ன வேலையில்தான் அது கல்லாய் நின்றுவிடும். ஐந்து நொடிக்குள் எறிய வேண்டும், அது பந்தைப் பிடித்துக்கொண்டே நிற்கும். நடுவர் விசிலடித்துப் பந்தை வாங்கிக்கொள்வார். கோச் தலையில் அடித்துக்கொண்டார். எதிரணிகள் விஷயத்தைக் கண்டுகொண்டு, வேண்டுமென்றே ஒன்பதாம் நம்பரை இடித்துத் தள்ளத் தொடங்கின. காரணம் பஞ்சு ஒருத்திக்குத்தான் தெரியும். கோட்டில் நின்றால் அவள் பந்தை வாங்குவதற்கு முன் குனிந்து இடது ஷூவின் லேஸை அவிழ்த்து மறுபடி கட்டுவாள். பள்ளிக்கூட நாளிலிருந்து அப்படித்தான், அதைச் செய்யாமல் அவளுக்குக் கை எழாது. ஜெர்சிக்குக் கட்டுவதற்கு லேஸ் இல்லை. லேஸ் இங்கே இருந்தது.

மூன்றாம் இடத்துக்கான ஆட்டம் வந்தது. பஞ்சுவின் அணி அதுவரை எந்த உலகப் போட்டியிலும் பதக்கத்தைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. கடைசி நொடிகளில் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தார்கள். ஜெர்சி கூடையை நோக்கிப் பாய்ந்தது, எதிரணிக்காரிகள் இருவர் அதை வாரிச் சுருட்டித் தரையில் தள்ளினார்கள். இரண்டு ஃப்ரீ த்ரோ. கேப்டன் முகத்தை மூடிக்கொள்வது போனில் தெரிந்தது. அறையில் ஓடிக்கொண்டிருந்த ஷூக்கள் நின்றன. வலது ஷூ நின்ற இடத்திலேயே இருக்க, இடது ஷூ மெதுவாக நகர்ந்து கட்டிலருகே வந்து பஞ்சுவின் முன்னால் நின்றது. லேஸ் தானாக அவிழ்ந்து இரண்டு பக்கமும் விழுந்தது.

இந்த இடத்தில் அவளைப் பற்றி நல்லதாக மட்டும் எழுதிவிட்டுப் போக முடியாது. அவள் உடனே குனியவில்லை. கட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தாள். தோற்பார்கள். தோற்றால் கோபம் வரும். கோபம் வந்தால் குற்றவாளியின் முகத்தைப் பார்த்துத்தானே திட்ட வேண்டும்? கேப்டன் ஜெர்சியின் தோளைப் பிடித்து உலுக்குவாள், கையில் வெறும் துணி வரும். அப்போதாவது யாராவது ஒருத்தி, பஞ்சு எங்கே என்று கேட்பாள். அந்த ஒரு கேள்விக்காக ஒரு பதக்கம் போனால் போகட்டுமே என்று அவளுக்கு ஆசையாகவே இருந்தது. நடுவர் பந்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஷூ பொறுமையாக நின்றது. அணி கிளம்பிப் போன நாளிலிருந்து அவளிடம் ஏதோ ஒன்று வேண்டும் என்று வந்து நின்றது அது மட்டும்தான். நடுவர் பந்தை ஜெர்சியிடம் கொடுத்தார். பஞ்சு கட்டிலிலிருந்து இறங்கி மண்டியிட்டு லேஸை இழுத்துக் கட்டினாள். பந்து வளையத்தைத் தொடாமல் உள்ளே போனது. லேஸ் மறுபடி அவிழ்ந்தது. மறுபடி கட்டினாள். அதுவும் போனது.

மேடையில் பதக்கம் போட்ட பெரியவருக்குத்தான் கொஞ்சம் சிரமமாகிவிட்டது. ஒன்பதாம் நம்பருக்குப் போட்ட பதக்கம் கழுத்தில் நிற்காமல் நேராகத் தரையில் விழுந்தது. எடுத்துப் போட்டார், மறுபடி விழுந்தது. கடைசியில் கேப்டன் அதை வாங்கித் தன் பாக்கெட்டில் வைத்துக்கொண்டாள்.

திரும்பி வந்ததும் மேனேஜர் அம்மா பையைத் திறந்து எண்ணினார், பன்னிரண்டு. எல்லோரும் மாடி ஏறி வந்து மெத்தைகளை விரித்தார்கள். பஞ்சு அவர்கள் நடுவில் நின்றுகொண்டிருந்தாள், பயணம் எப்படி இருந்தது என்று ஒருத்திகூட அவளிடம் கேட்கவில்லை. கூடவே வந்தவளிடம் யாராவது அதைக் கேட்பார்களா? கேப்டன் மட்டும் பாக்கெட்டிலிருந்து பதக்கத்தை எடுத்து, “இந்தா, அங்க உன் கழுத்துல நிக்கவே மாட்டேன்னுச்சு,” என்று போட்டுவிட்டாள். பதக்கம் நின்றது. கேப்டன் அதன் ரிப்பனைப் பிடித்தபடி அவளையே பார்த்தாள். முகத்தில் ஏதோ மாறியது.

“பஞ்சு, இத்தனை நாளா நீ எங்கடி இருந்த?”

அதற்குச் சொல்ல அவள் மனசுக்குள் எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தாள். “மாடிக்குப் போயிருந்தேங்க்கா. ஷூ எடுக்க,” என்றாள்.

“ம்,” என்றாள் கேப்டன். ரிப்பனை விட்டாள். யாரோ குளிக்கக் கூப்பிட்டார்கள், போய்விட்டாள். பஞ்சு குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். ஒருத்தி கேட்டுவிட்டாள் என்ற சந்தோஷமும் அதில் இருந்தது.

அடுத்த போட்டிக்கு அவள் மாடிக்கெல்லாம் போகவில்லை. ஷூவைக் கையிலேயே வைத்துக்கொண்டு, யாராவது ஏறச் சொல்வார்கள் என்று பஸ் படியருகே நின்றாள். மேனேஜர் அம்மா எண்ணி முடித்ததும் கதவு மூடியது. ஜன்னலிலிருந்து கேப்டன் கையசைத்தாள், வழியனுப்ப வந்தவர்களுக்கு அசைப்பதைப் போல. பஞ்சுவும் அசைத்தாள்.

பிறகு கேப்டன் கல்யாணமாகிப் போனாள், மற்றவர்களும் ஒவ்வொருவராக விலகினார்கள், மேனேஜர் அம்மா ஓய்வுபெற்று, எண்ணும் பழக்கத்தை அடுத்தவரிடம் விட்டுச் சென்றார். ஒன்பதாம் நம்பருக்கு மட்டும் வயதாகவில்லை. மாணவர் போட்டிக்கு வயது வரம்பு உண்டுதான், துணியிடம் யார் கேட்பது? புதிதாக வரும் பெண்கள் அதைப் பஞ்சு அக்கா என்று மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள், அக்கா அதிகம் பேச மாட்டார்கள் என்கிறார்கள். பஞ்சு ஒரு தபால் அலுவலகத்தில் பார்சல் கவுன்டரில் உட்கார்ந்திருக்கிறாள். தனி வீடு, ஓர் ஆளுக்குச் சமையல். ஷூ தேய்ந்ததும் அதே அளவில் புதிது வாங்குகிறாள், லேஸ் மட்டும் பழையதையே கோத்துவிடுகிறாள். போட்டி நடக்கும் நாட்களில் ஷூவைப் பையில் போட்டு அலுவலகத்துக்கே கொண்டுவந்துவிடுவாள், வீட்டில் விட்டால் கீழ்வீட்டுக்காரர் சத்தம் என்று சண்டைக்கு வருகிறார்.

பார்சலை வாங்கப் போனவள் சட்டென்று கவுன்டருக்குக் கீழே குனிந்தால் வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பதில்லை, பழகிவிட்டது. ஒரு முறை நிமிர்ந்து, மறுபடி குனிந்து, மறுபடி நிமிர்வாள்.

“ரெண்டும் உள்ள போச்சா மேடம்?” என்று முன்னால் நிற்பவர் கேட்பார்.

“போச்சு சார்,” என்று சொல்லிவிட்டு அவள் பார்சலை எடுத்துத் தராசில் வைப்பாள்.