சோடா பக்கம்

முலாம் பட்டறையில் அவருக்கு லிட்மஸ்காரர் என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. காலையில் வந்ததும் தொட்டி தொட்டியாகப் போய் லிட்மஸ் தாளை நனைத்து, நிறம் பார்த்து, "இதுல ஆசிட் செத்துப்போச்சு, ரெண்டு குடம் ஊத்து", "இதுல சோடா பத்தல" என்று சொல்வது வேலை. இருபத்திரண்டு வருடமாகச் சொல்கிறார். சொன்னது ஒரு நாளும் தப்பியதில்லை என்பதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், அந்த மனுஷனுக்குப் பெருமைப்பட வேறென்ன இருந்தது?

பட்டறைக்கு வரும் இரும்புச் சாமான் முதலில் கொதிக்கிற காஸ்டிக் சோடாவில் இறங்கும், எண்ணெய்ப் பிசுக்குப் போக. அலசிவிட்டு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போடுவார்கள், துரு போக. அப்புறம்தான் முலாம். அமிலத் தொட்டியின் மூடியைத் திறந்தாலே நெடி மூக்கைத் துளைக்கும், தொண்டை கமறும். அதனால் அந்தப் பக்கம் நிற்பவர்களுக்குக் கண்ணாடி, கையுறை, முழங்கால் வரை பூட்ஸ். சோடாவுக்கு வாடையே கிடையாது. விரலில் பட்டால் வழுவழுக்கும், அவ்வளவுதான். "சோப்புத் தண்ணிக்குக் கண்ணாடி கேக்குறீங்களேப்பா" என்றார் மேலாளர். எல்லோரும் சிரித்தார்கள். லிட்மஸ்காரரும் சிரித்தார்.

அவருடைய மச்சினன் அமிலப் பக்கம் நின்றவன். முப்பது வயது, வாய் ஓயாத ஆள். அக்காக்காரிக்கு அது பொறுக்கவில்லை. "ஆசிட்டுனு நெனச்சாலே ராத்திரி தூக்கம் வரலீங்க. நான் தூக்கி வளத்த பிள்ளை. வேற பக்கம் மாத்தி விடுங்க" என்று ஆறு மாதம் கணவரை நச்சரித்தாள். அவரும் மேலாளரின் கையைக் காலைப் பிடித்து மாற்றிவிட்டார். "ஆம்பளைங்க எல்லாம் அங்க நிக்கிறாங்க, என்னைத் துணி தொவைக்க விட்டுட்டீங்களே மாமா" என்று மச்சினன் கிண்டலடித்தான். கண்ணாடியைக் கழற்றி அடுத்தவனிடம் கொடுத்துவிட்டுச் சோடா பக்கம் வந்தான்.

வந்து பதினோராம் நாள், பட்டப்பகலில் அது நடந்தது. தாளைப் பார்த்துவிட்டு, சோடா பத்தவில்லை என்றார் லிட்மஸ்காரர். செதில் செதிலாக இருக்கும் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும். மச்சினன் பேச்சு சுவாரசியத்தில் அரை மூட்டையை அப்படியே சரித்துவிட்டான். தண்ணீர் ஏற்கெனவே கொதிநிலை. சோடாவோ கரையும்போது தன் சூட்டையும் கக்குகிற சாமான். தொட்டி குபீரென்று பொங்கி அவன் முகத்தில் அடித்தது.

அவன் அலறவில்லை. "மாமா, கண்ணு" என்றான். காற்றில் கையால் துழாவிக்கொண்டே அலசல் குழாய்ப் பக்கம் போனான். மூன்றடிதான். குழாயைத் திறந்தும் விட்டான். லிட்மஸ்காரர் பாய்ந்து அவன் கையைப் பிடித்து இழுத்தார்.

"தண்ணி வேணாம்டா. சோடால தண்ணி பட்டா இன்னும் சூடேறும். இரு, நான் முறிச்சு விடறேன்."

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இவருடைய சுரைக்காய் ஏட்டிலும் பாதிதான் இருந்தது. செதிலில் நாலு சொட்டு பட்டால் சூடேறும், நிஜம்தான். குழாய்த் தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டினால் சூட்டையும் சோடாவையும் சேர்த்து அடித்துக்கொண்டு போய்விடும் என்கிற மறுபாதி அவருக்கு அப்போது தோன்றவில்லை. சோடா காரம், காரத்தை முறிக்க அமிலம், தினமும் செய்கிற வேலைதானே என்று நினைத்தார். வலுவான அமிலம் கண்ணுக்கு ஆகாது என்று, மெல்லிய அமிலமான போரிக் பவுடரைத் தேடி ஓடினார். அது பச்சைத் தண்ணீரில் லேசில் கரையாது. அடுப்பில் வைத்தார், கலக்கினார், ஆற்றினார், தாளை நனைத்து நிறம் பார்த்தார். அந்தப் பதற்றத்திலும் ஒரு சிட்டிகை கூடாமல் குறையாமல் கலக்கினார், பாவி மனுஷன். ஏழு நிமிடம் ஆனது. அதுவரை மச்சினன், மாமா சொன்னபடி, கண்ணை இறுக மூடிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். திறந்த குழாய் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

கலக்கியது ஒரே ஒரு குவளை. இரண்டு கண்ணுக்கும் அதைத்தான் ஊற்றினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவனுடைய கண்ணோரத்தில் ஒரு தாளைத் தொட்டு எடுத்தார். லிட்மஸ்காரருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு மணி நேரம் கழிந்தும் தாள் நீலமாகத்தான் இருந்தது, காரம் இன்னும் கண்ணுக்குள்தான் இருக்கிறது.

"உடனே தண்ணி ஊத்தலையா?"

"முறிக்கிறதுக்கு மருந்து கலந்தேம்மா."

"குழாய் இல்லையா அங்க?"

"இருந்துச்சு."

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது அவருக்கு. "ஆசிட் பட்டா மேல் சதை வெந்து கெட்டியாகிடுங்க. பெரும்பாலும் அந்தக் கெட்டியே உள்ள போக விடாம தடுக்கும். காரம் அப்படியில்ல, சதையைக் கரைச்சுக்கிட்டே உள்ள போகும், ஒரு எடத்துல நிக்காது. அதைக் கழுவிக் கழுவித்தான் வெளியேத்தணும். இவருக்குக் கருவிழி ரெண்டும் வெளுத்துப்போச்சு. சரியாயிடும்னு நான் சொல்ல மாட்டேன்."

ஒன்பதாம் நாள் கட்டைப் பிரித்தார்கள். வெளிச்சம் தெரிகிறதா என்று கேட்டார்கள். தெரியவில்லை என்றான்.

அன்று மத்தியானம் அக்கா சாப்பாடு எடுத்துவரப் போயிருந்தாள். மச்சினன் மெதுவாகக் கேட்டான். "மாமா, தண்ணி ஊத்தியிருந்தா ஒரு கண்ணாவது தேறியிருக்கும்னு நர்ஸுங்க பேசிக்கிட்டாங்க. நெசமா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "நெசந்தாண்டா."

"நான் குழாயைத் தொறந்துட்டேன்ல?"

"தொறந்துட்டே."

"நீங்கதானே கையைப் புடிச்சு இழுத்தீங்க."

"நான்தான்."

வாய் ஓயாதவன் கட்டில் விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தான். ஏதாவது நாலு வார்த்தை வைய மாட்டானா என்று லிட்மஸ்காரர் ஏங்கிக் காத்திருந்தார்.

"அக்காகிட்ட சொல்லிடாதீங்க" என்றான் கடைசியில். "இனிமே நான் உங்க வீட்லதான் கெடந்தாகணும். ரெண்டு பேர் மூஞ்சியையும் தெனம் பாத்துக்கிட்டு அவ எப்படி இருப்பா?"

அக்கா தூக்குச்சட்டியோடு வந்தாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. தம்பியின் கையைப் பிடித்துத் தட்டு இருக்கும் இடத்தைக் காட்டினாள்.

"உசுராவது மிஞ்சுச்சே, அதைச் சொல்லு" என்றாள். "மாமாவை மறந்துடாதடா. ஆசிட் பக்கமே விட்டிருந்தா என்ன ஆகியிருப்பே?"

மச்சினன் மாமா இருக்கும் பக்கம் என்று நினைத்து முகத்தைத் திருப்பினான். அங்கே வெறும் ஜன்னல்தான் இருந்தது.

"ஆமாக்கா" என்றான்.