ஜன்னலுக்குக் கீழே நான்கு ஓட்டைகள்

1

இந்தக் கதை ஒரு பஞ்சரில் பிறந்தது. பஞ்சரானது என் சைக்கிள். ஆகவே இதில் வரும் பொய்களுக்கெல்லாம் முதல் குற்றவாளி நான்தான். முதல் பத்தியிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்ததுபோல் மதிப்புரையில் எழுத வேண்டாம்.

புடாபெஸ்டில் பதினெட்டு வருஷமாகக் குடியிருக்கிறேன். இங்கே இருப்பவர்கள் யாரும் சுற்றுலா சைக்கிளில் ஏறமாட்டார்கள், மானக்கேடு. மதுரையிலிருந்து வந்த மைத்துனர் கேட்டாரே என்று ஏறினேன்.

இதை எப்படித் தொடங்குவது என்று நாலைந்து முறை முயன்றேன்.

உருக்கிய வெள்ளியாய் ஓடும் தன்யூப் நதியின் கரையில்— (வேண்டாம். பதினெட்டு வருஷத்தில் அது ஒரு நாள்கூட வெள்ளியாக ஓடியதில்லை. பாசி நிறம்தான்.)

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறு நவம்பரில், பனி விழுந்த அந்தக் காலையில்— (இது எங்கள் சைக்கிள் வழிகாட்டி வில்மோஷின் வரி. அவனே சொல்லட்டும்.)

2

வில்மோஷுக்கு நாற்பத்தொரு வயது. ஒரு காலத்தில் பள்ளியில் வரலாறு நடத்தினான். இப்போது காலை ஒன்பதரைக்குப் பன்னிரண்டு வெளிநாட்டுக்காரர்களைச் சைக்கிளில் ஏற்றி, மூன்று மணி நேரத்தில் ஆயிரம் வருஷத்தைச் சுற்றிக் காட்டுகிறான். கெட்டவன் இல்லை. பள்ளியில் உண்மையைச் சொன்னபோது பிள்ளைகள் தூங்கினார்கள், அவ்வளவுதான் அவன் குறை.

அன்றைக்கு எட்டாம் வட்டாரத்தில், நிறுத்தவே வேண்டியிராத ஒரு தெருவில், என் டயர் புஸ்ஸென்று போனது. வில்மோஷ் சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டு டியூபை உருவினான். கூட்டம் கைபேசியை எடுத்தது. கூட்டம் கைபேசியை எடுத்தால் வழிகாட்டிக்கு இணையத்தில் நட்சத்திரம் குறையும். தலையைத் தூக்கிப் பார்த்தான். எதிர்ச் சுவரில், முதல் மாடி ஜன்னலுக்குக் கீழே, வரிசையாக நான்கு ஓட்டைகள்.

"அந்த ஓட்டைங்களப் பாத்தீங்களா?" என்றான். "தோட்டா."

கை டியூபில் பசை தடவிக்கொண்டிருந்தது. வாய் காஷ்பார் என்று ஒரு ரொட்டிக்கடைப் பையனைப் படைத்துக்கொண்டிருந்தது. ஐம்பத்தாறு புரட்சி நடக்கிறது, ஊரில் உணவில்லை, காஷ்பார் கோட்டுக்குள் ஒரு ரொட்டியை மறைத்து எடுத்துக்கொண்டு காதலியின் ஜன்னலுக்கு வருகிறான். கயிற்றில் கூடை இறங்குகிறது. தெருக்கோடியில் ரஷ்ய டாங்கி. நான்கு குண்டு. மூன்று சுவரில், ஒன்று காஷ்பாரைத் துளைத்துக்கொண்டு சுவரில். ரொட்டி மட்டும் சூடு ஆறாமல்—

மைத்துனர் அழுதார். நானும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். டயரில் காற்று ஏறியது.

(அந்த நகரத்தில் அந்த வருஷம் நிஜமாகவே எத்தனையோ பேர் அப்படிச் செத்தார்கள். அவர்களுக்காக வில்மோஷின் கூட்டம் ஒரு நாளும் அழுததில்லை. செத்தவர்களிடம் ரொட்டி இல்லை.)

3

அடுத்த வாரமே இணையத்தில் ஐந்து நட்சத்திரங்களோடு "அந்த ஜன்னல்" வந்துவிட்டது. வருகிறவர்கள் அதைத்தான் முதலில் கேட்டார்கள். தினமும் பத்தரை மணிக்குப் பன்னிரண்டு சைக்கிள் மணிகள் கிணிங்கிணிங் என்று அந்த ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றன.

ஜன்னலுக்கு உள்ளே யோலான் அத்தை இருந்தார்.

(முதல் வரைவில் அவரைக் கறுப்பு உடையில், ஸ்வெட்டர் பின்னும் மெலிந்த விதவையாக எழுதியிருந்தேன். வாசித்துக் காட்டினேன். "நான் எப்பய்யா பின்னினேன்? புருஷனயும் கொன்னுட்டியா? அவன் செகெத் ஊர்ல இன்னொருத்திகூட குண்டுக்கல்லாட்டம் இருக்கான்" என்றார். அடித்துவிட்டேன்.)

அறுபத்துமூன்று வயது. முப்பத்தொரு வருஷம் டிராம் ஓட்டியவர். சைக்கிள்காரர்கள் என்றால் அவருக்குத் தண்டவாளத்தில் ஊரும் பூச்சிகள். முதல் பத்து நாள் பொறுத்தார். பதினோராம் நாள் ஜன்னலைத் திறந்தார்.

"ஏப்பா! நேத்து அவன் கையில ரொட்டி. இன்னைக்கு எங்கேர்ந்து வயலின் வந்துச்சு?"

வில்மோஷ் திரும்பிக் கூட்டத்திடம், "அத்தை வாழ்த்துறாங்க" என்று மொழிபெயர்த்தான். கூட்டம் கையசைத்தது.

"அது தோட்டா ஓட்டையில்லடா! என் புருஷன் டிஷ் ஆன்டெனா மாட்டத் துளை போட்டது! கால்பந்து பாக்குறதுக்கு!"

"இப்ப அழறாங்க. நாம கௌம்பலாம்."

4

வீடு யோலான் அத்தையுடையது அல்ல, வாடகை. டெஷோ என்ற பல் மருத்துவருடையது. வெளிநாட்டுக்காரர்களுக்குப் பல் கட்டிச் சம்பாதித்தவர், ரோஜாக் குன்றில் பங்களா வைத்திருப்பவர். பதினாறு வருஷத்தில் இரண்டு முறைதான் இந்தப் பக்கம் வந்திருக்கிறார். மூன்றாம் முறை வந்தபோது ஜன்னலுக்குக் கீழே பூங்கொத்துகள் கிடந்தன.

"மேடம், உங்க ஜன்னல் எவ்வளவு பிரபலம் தெரியுமா?"

"தெரியும். தூங்க முடியல."

"அதான் சொல்றேன். நீங்க எங்கயாவது அமைதியான எடத்துக்குப் போயிடலாம். மூணு மாசம் டைம். இந்த அறைய நாள் வாடகைக்கு விடப் போறேன். 'காஷ்பாரின் காதலி.' கயித்துல ஒரு கூடையும் தொங்கவிடலாம்னு இருக்கேன்."

மறுநாள் பத்தரைக்கு யோலான் அத்தை ஜன்னலைத் திறக்கவில்லை. தெருவில் இறங்கி நின்றார். முதல்முறையாகத் திட்டவும் இல்லை. அதுதான் வில்மோஷைப் பயமுறுத்தியது.

"நீ சொன்ன கதையில ஒருத்தனக் கொன்ன. சரி. அவன் இல்லாதவன். நான் இருக்கேன்ல?"

வில்மோஷ் கூட்டத்தைப் பார்க்கவில்லை. சைக்கிளின் செயின் கழன்றுவிட்டதுபோல் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பள்ளியை விட்டு வந்த நாளுக்குப் பிறகு அவனுக்கு முகம் சுட்டது அன்றைக்குத்தான்.

5

சுலபமான வழி உண்மையைச் சொல்வது. சொன்னான். அதே இடத்தில் நின்று, "காஷ்பார்னு யாருமே இல்ல. நான் புளுகினேன். இது டிஷ் ஆன்டெனா மாட்டின ஓட்டை" என்றான்.

கூட்டம் ஓட்டைகளை அண்ணாந்து பார்த்தது. பிறகு நார்வேக்காரி ஒருத்தி மெல்லக் கை தட்டினாள். எல்லோரும் தட்டினார்கள். வலியை மறைக்க இந்த மக்கள் எப்படிக் கேலி பேசுகிறார்கள் என்று அன்றே ஒருவர் இணையத்தில் உருகி எழுதினார். டெஷோ அதைப் படித்துவிட்டு இரண்டு கூடைகள் வாங்கினார்.

(இந்த இடத்தில் கட்டுரையாக மாறி, பொய்யின் இயல்பு குறித்து மூன்று பக்கம் எழுதினேன். மேற்கோள்களோடு. யோலான் அத்தை, "இதுல நான் எங்க வர்றேன்?" என்றார். கிழித்துவிட்டேன்.)

6

திட்டம் யோலான் அத்தையுடையது.

"டிராம் தடம் மாறணும்னா வண்டியத் தூக்கவா செய்வாங்க? தண்டவாளத்த நகர்த்துவாங்க. அந்தப் பல்லு டாக்டரு வீட்டுச் சுவர்ல ஓட்டை இருக்கா?"

"பழைய சுவர்தான் அத்தை. நெறைய இருக்கு."

"அப்ப காஷ்பாரு அங்கதான் செத்தான். நீ இத்தனை நாளும் வீடு மாறிச் சொல்லிட்ட."

மறுநாள் வில்மோஷ் இருவர் மிதிக்கும் சைக்கிளைக் கொண்டுவந்தான். யோலான் அத்தை அதை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். முன்னாள் சக ஊழியர் யாரும் தெருவில் இல்லையென்று உறுதிசெய்துகொண்டு பின் இருக்கையில் ஏறினார். மார்கரெட் பாலத்தில் ஒரு டிராம் கடந்தபோது ஸ்கார்ஃபை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

ரோஜாக் குன்றில் சைக்கிள் ஏறாது. பன்னிரண்டு பேரும் இறங்கித் தள்ளினார்கள். நாக்குத் தள்ளியது. இவ்வளவு கஷ்டப்பட்டு வந்த இடத்தில் காதல் பொய்யாக இருக்க முடியுமா? டெஷோவின் மதிலுக்கு முன்னால் வில்மோஷ் ரொட்டிக் கதையை எடுத்துவிட்டான். அழுகை எட்டாம் வட்டாரத்தைவிட அதிகம். நான்கு நாள் இப்படியே. மதிலில் பூக்கள், மெழுகுவத்தி, ஒரு முழு ரொட்டி. மதிலோர ரோஜாச் செடியை யாரோ நினைவாக ஒடித்துக்கொண்டு போயிருந்தார்கள்.

ஐந்தாம் நாள் டெஷோ குளியல் அங்கியோடு வெளியே வந்தார். திட்ட வாயைத் திறந்தார். ஒரு பிரேசில்காரர் அவரைக் கட்டிப்பிடித்து, "உங்க சித்தப்பாவா?" என்று விம்மினார்.

டெஷோ வில்மோஷை ஓரமாக இழுத்தார். "நாளைக்கும் வருவியா?"

"தெனமும். வெயில் காலத்துல ரெண்டு வேளை."

"அந்தம்மா வீடு அவங்களுக்கே. அஞ்சு வருஷத்துக்குக் காலி பண்ணச் சொல்லமாட்டேன்னு எழுதித் தர்றேன். இந்தக் காஷ்பார இங்கேர்ந்து எடுத்துட்டுப் போ!"

"பத்து" என்றார் யோலான் அத்தை, சைக்கிளைவிட்டு இறங்காமலே.

டெஷோ பல்லைக் கடித்தார். நன்றாகக் கட்டப்பட்ட பல். வேலைக்காரம்மா காகிதம் கொண்டுவர, மதிலின் மேல் வைத்து எழுதிக் கையெழுத்துப் போட்டார். யோலான் அத்தை அதை மூன்று முறை படித்தார். மடித்து உள்ளே வைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அழுதாரா என்று நான் கேட்டேன். "தூசி" என்றார். அப்படியே எழுதிவிட்டேன்.

7

இங்கே முடித்திருக்கலாம். அத்தைக்கு வீடு கிடைத்தது, பல் மருத்துவர் தோற்றார், நீங்கள் நிம்மதியாகப் பக்கத்தைப் புரட்டலாம்.

ஆனால் வாக்குக் கொடுத்தாகிவிட்டது. காஷ்பாரை அங்கிருந்து எடுத்துக்கொண்டு போக வேண்டும். எங்கே? பழைய ஜன்னலுக்குத் திரும்ப முடியாது. இல்லவே இல்லை என்று சொன்னால் கை தட்டுவார்கள். எனவே வில்மோஷ் கூட்டத்தைக் கூட்டி, தொண்டையைச் செருமி, "ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு. சரியான வீடு இது இல்ல" என்றான்.

"பின்ன எது?" என்றார்கள் பன்னிரண்டு பேரும்.

(முடிவு ஒன்று: வில்மோஷ் தன் வீட்டையே காட்டுகிறான். —அவன் ஒப்புக்கொள்ளவில்லை. மனைவி கொன்றுவிடுவாளாம்.)

(முடிவு இரண்டு: இதை எழுதுகிறவனின் வீட்டை— அடித்துவிட்டேன்.)

பன்னிரண்டு பேரும் சைக்கிளில் ஏறி, ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு நிற்கிறார்கள். கைகளில் பூ. யோலான் அத்தை பின் இருக்கையிலிருந்து மணியை அடித்து அவசரப்படுத்துகிறார். வில்மோஷ் என்னைப் பார்க்கிறான், நான் உங்களைப் பார்க்கிறேன். இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள், இரண்டாம் பகுதியில் காஷ்பாருக்காக ஒரு நொடியாவது உச்சுக் கொட்டியும் இருப்பீர்கள்.

உங்கள் வீட்டு விலாசம் என்ன?